ஏழாம் படியின் துரு

தை மாதத்துக் கடைசி முகூர்த்தத்தன்று, எரியோட்டைத் தாண்டிச் சாலையோரம் இருக்கும் மணிமாறனின் கல்யாண மண்டபத்தில், பின்பக்க இரும்புப் படிக்கட்டின் ஏழாவது படி உடைந்தது. சமையல்காரர்களோடு பாத்திர வேலைக்கு வந்திருந்த ஜக்கம்மாள், கழுவிய அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிப் பந்திக்கு ஏறிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே தகடு கிழிந்து வலது கால் தொடைவரை உள்ளே இறங்கிவிட்டது. உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தபோது எலும்பு முறிந்த சத்தத்தை அவளே கேட்டாளாம். மேலே இரண்டாவது பந்திக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டா உருண்ட சத்தத்தில் நான்கு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, பாத்திரம்தான் விழுந்தது என்று திரும்பிப் போய்விட்டார்கள். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண் பார்த்துக் கத்திய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

அந்தப் படிக்கட்டை இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்து கொடுத்தவர் திண்டுக்கல் நாகல் நகரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் முனீர். முப்பது வருஷமாக வெல்டிங் வேலை. இரும்பு கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, மாடிப்படி எல்லாம் செய்வார். பற்ற வைப்பது மட்டும்தான் அவர் பாடு. அதற்குப் பிறகு இரும்பு அவர் மனைவி நர்கீஸின் கைக்குப் போய்விடும். வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்ஸைடு என்ற சிவப்புப் பிரைமர் அடித்து, காயவிட்டு, மேலே பெயிண்ட் அடிப்பது அவள் வேலை. கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷம், பெயிண்ட் அடிக்க இருந்த ஆள் சொல்லாமல் நின்றுவிட்ட ஒரு நாளில் பிரஷ்ஷை எடுத்தவள், பிறகு கீழே வைக்கவில்லை. அவளுடைய விரல் நகங்களின் ஓரத்தில் எப்போதும் செங்கல் நிறம் இருக்கும். மருதாணியா என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவாள்.

ஜக்கம்மாள் விழுந்த மூன்றாம் நாள் மண்டபத்து மேனேஜர் பெலிக்ஸ் பட்டறைக்கு வந்தான். கையில் டைப் அடித்த ஒரு கடிதம் இருந்தது. படிக்கட்டு உடைந்ததற்கு வெல்டிங்கில் இருந்த குறைபாடே காரணம் என்றும், அதற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்றும் முனீர் எழுதிக் கொடுப்பதுபோல அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் பேசிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், இந்தக் கடிதம் இருந்தால் மீதியை மணிமாறன் அண்ணன் பார்த்துக்கொள்வார், பாய்க்கு ஒரு தொந்தரவும் வராது என்று பெலிக்ஸ் சொன்னான். சொல்லும்போது அவன் முனீரைப் பார்க்கவில்லை. பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முனீர் யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். கத்திரிக்காய் வெஞ்சனம் தட்டில் அப்படியே இருந்தது. அந்தப் படிக்கட்டு செய்த வாரம் அவருக்குக் காய்ச்சல். மூட்டுக்கு மூட்டு வலி. நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தே பற்ற வைத்தார். அது நர்கீஸுக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாப்போம். அன்னைக்கு என் கை நடுங்குனது எனக்குத் தெரியும்ல."

"வெல்டு விட்டுருச்சுன்னு கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்பப் பாத்துட்டு வந்து சாப்புடுவோம். கையக் கழுவுங்க."

வெயிலோடு வெயிலாக டி.வி.எஸ். வண்டியில் இருவரும் போனார்கள். சாலைக்கு இருபுறமும் முருங்கைத் தோட்டங்கள் வாடிக் கிடந்தன. மண்டபம் பூட்டியிருந்தது. பின்பக்கம் சுற்றுச்சுவர் இல்லாததால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடைந்த படியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். நர்கீஸ் சாக்கை விலக்கினாள்.

முனீர் பற்ற வைத்த இடம் அப்படியே இருந்தது. பக்கச் சட்டத்தோடு தகடு சேரும் கோடு முழுக்க, ஓர் அங்குல அகலத்துக்குத் தகடு அதில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் கிழிந்திருந்தது. முனீர் குனிந்து, கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நர்கீஸ் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்து பார்த்தாள். அதுதான் பாத்திரம் கழுவும் இடம். இரண்டு குழாய், ஒரு தொட்டி. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவியதில் சிமெண்ட் மஞ்சளாகிப் பொரிந்திருந்தது. மேலே அண்ணாந்தால், படிகளின் அடிப்பக்கம் அடுக்கடுக்காகத் துரு. விரலால் தொட்டதும் பொருபொருவென்று முகத்தில் உதிர்ந்தது. மேல்பக்கம் மட்டும் தங்க நிறப் பெயிண்ட் இன்னும் மினுங்கியது. வண்டிச் சாவியால் ஒரு மூலையைச் சுரண்டினாள். தங்க நிறம் போனதும் நேராகத் துரு வந்தது. நடுவில் சிவப்பு இல்லை.

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. இரண்டு கோட் ரெட் ஆக்ஸைடு அடிக்காமல் தர மாட்டேன் என்று அவள் நின்றாள். திறப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, வெறும் இரும்பாகவே ஏற்றிவிடுங்கள், பெயிண்டை நம் ஆள் பார்த்துக்கொள்வான் என்று மணிமாறன் போனில் சொன்னார். முனீர் காய்ச்சலில் படுத்தபடியே, போனால் போகிறது விடு என்றார். வேனில் ஏற்றியபோதே, காலையில் பெய்த தூறலில் இரும்பு செம்பட்டை பூத்திருந்தது. அதன்மேல்தான் தங்க நிறத்தை அடித்திருக்கிறார்கள்.

"நாம சொன்னா யாரு நம்புவா?" என்றார் முனீர். "அவரு ஊரு, அவரு மண்டபம். வெல்டர் தப்புன்னா எல்லாருக்கும் சட்டுனு புரியும். பெயிண்டு, பிரைமர்னா யாருக்குப் புரியும்?"

"புரியிற மாதிரி காட்டுவோம்."

மறுநாள் நர்கீஸ் தனியாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜக்கம்மாள் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாள். நர்கீஸ் யாரென்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெல்டிங்தான் காரணம் என்று பெலிக்ஸ் அவளிடம் முன்னமே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நர்கீஸ் சமாதானம் சொல்லவில்லை. எங்கள் மேல் எவ்வளவு தப்பு என்று எனக்கே இன்னும் தெரியாது, தெரிந்துகொண்டு வந்து உள்ளதைச் சொல்கிறேன், அதுவரை யாருடைய பேப்பரிலும் ரேகை வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள். ஜக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"மண்டபத்துக்காரரும் நேத்து ஆள் விட்டாரு, பேசி முடிச்சுக்கலாம்னு. நான் நிக்க முடிஞ்ச அன்னைக்குத்தான் பேசுவேன்னுட்டேன். படுத்துக்கிட்டு யாருகிட்டயும் பேச மாட்டேன் தாயி. ஒங்கிட்டயுந்தான்."

அதற்கு ஐம்பது அறுபது நாளாகும் என்றார்கள். நர்கீஸ் மனதில் இருந்த சோதனைக்கும் அவ்வளவு நாள்தான் தேவைப்பட்டது.

பட்டறையில் அந்தப் படிக்கு வாங்கிய அதே கனத்துத் தகடு கிடந்தது. அதில் எட்டுத் துண்டு வெட்டச் சொன்னாள். ஒவ்வொன்றின் நடுவிலும் முனீர் ஒரு பட்டையைப் பற்ற வைத்துக் கொடுத்தார். என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் எட்டையும் ஸ்டூலில் உட்கார்ந்தே பற்ற வைத்தார்.

முதல் தகட்டுக்கு ஒன்றுமே பூசவில்லை. இரண்டாவதுக்கு மெக்கானிக் கடையில் வாங்கிய கழிவு ஆயில். மூன்றாவது, மண்டபத்தில் அடித்த அதே தங்க நிறப் பெயிண்ட், வெறும் இரும்பின் மேல். நான்காவது அவள் காலமெல்லாம் செய்து வந்தது: தேய்த்து, இரண்டு கோட் ரெட் ஆக்ஸைடு, மேலே பெயிண்ட். ஐந்தாவதுக்குத் தார்ப் பெயிண்ட் பூசினாள். ஆறாவதைத் துத்தநாகம் பூசும் நாகமுலாம் போடக் கொடுத்து வாங்கினாள். மீதி இரண்டுக்கும், இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்சி. ஒன்றில் கசடைத் தட்டாமல், தேய்க்காமல் அப்படியே அடித்தாள். கடைசித் தகட்டை மட்டும், இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை இரண்டு மணி நேரம் தேய்த்து, கையே படாமல் துணியால் பிடித்து அடித்தாள். அந்தப் பிரைமர் காய ஒரு நாள், மேல் கோட் காய இன்னொரு நாள். எல்லாத் தகட்டிலும் ஆணியால் ஒரு கோடு கிழித்தாள். பாத்திரம் இடிபடாத படி எந்த மண்டபத்தில் இருக்கிறது?

பட்டறைக்குப் பின்னால் ஒரு மெஸ் இருக்கிறது. அங்கே பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலே கம்பி கட்டி எட்டையும் தொங்கவிட அனுமதி வாங்கினாள். புளித்தண்ணீர், உப்பு, சோப்பு நுரை, ரசக் கசடு எல்லாம் தெறிக்கும். சாயங்காலம் அவளே போய், தரை கழுவுகிற அளவுக்கு ஆசிட் கலந்த தண்ணீரைத் தெளித்துவிட்டு வருவாள். மெஸ்காரர் இது என்ன வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

வெறும் தகடு மறுநாள் காலையிலேயே சிவந்துவிட்டது. ஆயில் பூசியது ஒரு வாரம் கறுப்பாக வழவழவென்று இருந்தது. பிறகு சோப்புத் தண்ணீர் ஆயிலைக் கழுவிக்கொண்டு போக, அதுவும் சிவந்தது. தங்க நிறம்தான் ஆளை ஏமாற்றியது. பதினெட்டாம் நாள்வரை மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அழகாக இருந்தது. முனீர் அதைப் பார்த்து, இது நிற்குது போலயே என்று பயந்துபோனார். பத்தொன்பதாம் நாள் அம்மைக் கொப்புளம்போல ஒன்று எழும்பியது. நர்கீஸ் நகத்தால் கீறினாள். உள்ளே துருத் தண்ணீர் இருந்தது. மாசி முடிவதற்குள் அந்தத் தகட்டின் பெயிண்ட் உரித்தால் உரிந்து வந்தது. தேய்க்காமல் எபாக்சி அடித்ததும் அப்படியேதான், விலை உயர்ந்த பெயிண்ட் என்று துரு இரக்கப்படவில்லை. தார் வெயிலில் இளகி வழிந்தது. நாகமுலாம், ஆசிட் பட்ட இடத்தில் வெள்ளையாகப் பொடி கக்கியது.

பங்குனியில் திண்டுக்கல் வெயில் பட்டறைத் தகரத்தில் இறங்க ஆரம்பித்தது. ரெட் ஆக்ஸைடு அடித்த தகட்டை நர்கீஸ் அதுவரை பெருமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்றாம் நாள், வெல்டிங் ஓரத்தில் மயிரிழை கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அழுக்கென்று துடைத்தாள். போகவில்லை. அடுத்த வாரம் அது விரல் அகலத்துக்குப் படர்ந்து, பெயிண்ட் ஓரம் தூக்கிக்கொண்டது. எட்டாவது தகட்டில் மட்டும், ஆணியால் கிழித்த கோட்டைத் தவிர வேறெங்கும் ஒன்றுமில்லை.

நர்கீஸ் நான்காவது தகட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக ஊரெல்லாம் அடித்துக் கொடுத்த சிவப்பு அது. வீட்டு ஜன்னலுக்கு அது போதும், கேட்டுக்குப் போதும். உப்பும் ஆசிட்டும் புழங்குகிற இடத்துக்குப் போதாது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை. மண்டபத்துப் படிக்கு அவள் ஆசைப்பட்டபடியே அடித்திருந்தாலும் அது இரண்டு வருஷத்துக்குப் பதில் நான்கு வருஷம் நின்றிருக்கும். பிறகு யாரோ ஒருத்தி விழுந்திருப்பாள்.

ஜக்கம்மாள் கம்பு ஊன்றி நிற்கிறாள் என்று சித்திரைப் பிறப்பு கழிந்து தகவல் வந்தது. தகடுகளைச் சாக்கில் கட்டும்போது முனீர் நான்காவதை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது வேணாம். ஏழு போதும். நம்ம வாயாலயே நம்மளக் காட்டிக் குடுக்கணுமா?"

"எட்டுத் தொங்கவிட்டேன். எட்டும்தான் வரும்."

"அத வச்சே உன்னய மடக்குவாரு நர்கீஸ்."

"மடக்கட்டும்."

மண்டபத்து முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மணிமாறன், ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர், பெலிக்ஸ். ஜக்கம்மாளுக்கு நாற்காலி கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு தூணோரமாக நின்றாள். மணிமாறன் மரியாதையாகத்தான் பேசினார். பாய் நல்ல வேலைக்காரர், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, காய்ச்சலோடு செய்த வேலை என்று அவரே யாரிடமோ சொல்லியிருக்கிறார், எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோரும் நிம்மதியாகப் போகலாம் என்றார். கடிதத்தில் இன்னொரு பிரதி எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

நர்கீஸ் எல்லோரையும் முதலில் பின்பக்கம் வரச் சொன்னாள். வெல்டிங் கோட்டில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டி, சுத்தியலைப் பெரியவர்களில் ஒருவரிடம் கொடுத்து, பலம்கொண்டமட்டும் தட்டச் சொன்னாள். அவர் நான்கு அடி அடித்தார். கோடு அசையவில்லை. பக்கத்துப் படியின் நடுவில் அவள் சுத்தியலின் கூர்முனையால் ஒரே தட்டுத் தட்டினாள். முனை உள்ளே போய்விட்டது. பிறகு கூடத்துக்குத் திரும்பி வந்து, தகடுகளைத் தரையில் பரப்பி, எதில் என்ன பூசினேன், எத்தனையாம் நாள் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தங்க நிறத் தகட்டை எடுத்து மணிமாறன் கையிலேயே கொடுத்தாள். அவர் விரல் பட்டதும் பெயிண்ட் கையோடு வந்தது.

நான்காவது தகட்டையும் அவள் எடுத்துக் காட்டினாள். இது என்னுடைய வழக்கமான வேலை, இந்த இடத்தில் இதுவும் நின்றிருக்காது, எனக்கு அது தெரியாமல் இருந்தது என்றாள்.

மணிமாறன் அதைத்தான் பிடித்தார். "பாத்தீங்களா, அந்தம்மாவே ஒத்துக்கிருச்சு. தெரியாம செஞ்ச வேலைன்னு அதுவே சொல்லுது. அப்பறம் கையெழுத்துப் போட என்ன தடங்கல்?"

"என் தப்ப நான் ஒத்துக்கிட்டேண்ணே. ஒங்க தப்பையும் சேத்து ஒத்துக்கச் சொல்றீங்க பாருங்க, அது நடக்காது."

ஜக்கம்மாள் கம்பை ஒருமுறை தரையில் ஊன்றி மாற்றிக்கொண்டாள். அவள் மணிமாறனைப் பார்க்கவில்லை, பெலிக்ஸைப் பார்த்தாள்.

"நான் ரெண்டு தடவ சொன்னேன்ல அப்பு. ஐப்பசி முகூர்த்தத்துல சொன்னேன், படி மிதிச்சா அமுங்குதுன்னு. கார்த்திகையிலயும் சொன்னேன். இல்லன்னு சொல்லு பாப்போம்."

பெலிக்ஸ் தன் செருப்பைப் பார்த்தபடியே, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"சொன்னுச்சு. நான் அண்ணன்கிட்டயும் சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு."

மணிமாறன் எழுந்துவிட்டார். யார் யாரைக் கூட்டி வந்து யார் மண்டபத்தில் பேசுகிறீர்கள் என்று கேட்டார். முனீரைப் பார்த்து, பொம்பளையப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறீங்களே பாய் என்றார். முனீர் நர்கீஸின் பக்கத்தில் வந்து நின்றார். பெயிண்ட் விஷயம் அவளுக்குத்தான் தெரியும், தெரிந்தவர்தானே பேச வேண்டும் என்றார். நாற்காலியில் இருந்த கடிதத்தை எடுத்து, பேனாவோடு நர்கீஸிடம் கொடுத்தார்.

நர்கீஸ் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளைத் தாளில் நின்றபடியே எழுதினாள். பிரைமர் அடிக்காமல் வெறும் இரும்பாகப் படிக்கட்டை ஏற்றி அனுப்பியது எங்கள் தப்பு. அப்படி அனுப்பச் சொன்னது மண்டபத்துக்காரர். வெல்டிங் விடவில்லை. படி துருவில் உடைந்தது. படி அமுங்குகிறது என்று ஜக்கம்மாள் இரண்டு முறை சொல்லியும் மண்டபத்துக்காரர் படிக்கட்டை மூடவில்லை. எங்களை எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வோம். அவள் கையெழுத்துப் போட்டாள், முனீரும் போட்டார். அவள் அதை மணிமாறனிடம் கொடுக்கவில்லை. ஜக்கம்மாளிடம் கொடுத்தாள்.

ஜக்கம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பெரியவரிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஆட்டோக்காரரிடம் ஸ்டேஷனுக்கு விடச் சொன்னாள். நர்கீஸ் கை கொடுக்கப் போனபோது, நானே ஏறிக்கொள்வேன் என்றுவிட்டு ஏறினாள்.

மணிமாறன் மேல் வழக்குப் பதிவானது. முனீரையும் இரண்டு முறை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். இரண்டு முறையும் நர்கீஸ் சாக்கோடு போனாள். பின்பக்கப் படிக்கட்டைக் கழற்றிப் போட்ட பிறகுதான் மண்டபத்தைத் திறக்கவிட்டார்கள். பெலிக்ஸ் வேலையை விட்டுவிட்டு பழனிப் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எரியோட்டுப் பக்கத்திலிருந்து பட்டறைக்கு வேலை வருவது நின்றது. நாகல் நகரிலேயே சிலர், அந்தம்மா நம்மளையே மாட்டிவிட்டுரும் என்று வேறு பட்டறைக்குப் போனார்கள். ஜக்கம்மாள் இன்னும் சாய்ந்துதான் நடக்கிறாள். அண்டா தூக்கும் வேலை இனி இல்லை. காய் நறுக்கப் போகிறாள்.

இத்தோடு முடிந்தது என்று முனீர் நினைத்துக்கொண்டிருந்தார். வைகாசியில் ஒரு நாள் காலை, நர்கீஸ் சுத்தியலையும் உப்புத்தாளையும் பையில் போட்டுக்கொண்டு, பேகம்பூர்வரை போக வேண்டும், வண்டியை எடுங்கள் என்றாள். அங்கே பைசலின் தோல் மண்டியில் பரணுக்கு ஏற இரும்பு ஏணி செய்து கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குகிற இடம். அதற்கும் அவள் அடித்தது அதே சிவப்புத்தான்.

அவங்க ஒரு புகாரும் சொல்லாதபோது நாமாகப் போய் எதற்குத் தோண்ட வேண்டும், இருக்கிற நாலு பேரும் நம்மைவிட்டுப் போக வேண்டுமா என்று முனீர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

பைசலும் அதையேதான் கேட்டார். ஏணி நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்கள் தினமும் தலையில் கட்டோடு ஏறி இறங்குகிறார்கள், உங்களை யார் வரச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை, நான்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு நர்கீஸ் உள்ளே போனாள். மண்டிக்குள் தோல் வாடை மூக்கை அடைத்தது. காலடியில் உப்பு நறநறத்தது. ஏணியின் கம்பிகள் பார்வைக்குக் கறுப்பாக, உறுதியாகத்தான் இருந்தன. முதல் கம்பியைத் தட்டினாள். கணீரென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தட்டியபோது சத்தம் மாறியது. கொஞ்சம் ஓங்கித் தட்டினாள். கம்பி ஓரத்தோடு ஒடிந்து, ஒரு பக்கமாகத் தொங்கியது.

தோல் கட்டோடு பின்னால் வந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். பைசல் ஒடிந்த கம்பியைக் கையில் பிடித்துப் பார்த்தார். அவர் உள்ளங்கையில் துரு கொட்டியது. பரண் மேலே இருந்த இரண்டு பேரையும் அசையாமல் அங்கேயே இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

முனீர் வாசலிலிருந்து வேகமாக உள்ளே வந்தார்.

"நீ தள்ளு, மிச்சத்த நான் பாக்குறேன்" என்றார்.

"நீங்க ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்கங்க. அடிச்சது நான்தான. நானே தட்டுறேன்."

அவர் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் நான்காவது கம்பியைத் தட்டினாள்.